மாலையோடு வந்தவன்

சிறையிலிருந்து
1991 மே 12

புன்சோங் அண்ணனுக்கு,

உன் புதிய பாட்டு சக்கைப்போடு போடுகிறது என்ற செய்தி இங்கே முதலில் என் விலா எலும்புக்குத்தான் வந்து சேர்ந்தது. காலைக் கஞ்சிக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். ஒலிபெருக்கியில் வானொலி ஓடியது, திடீரென்று உன் குரல். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். பக்கத்தில் நின்றவனிடம் "எங்கண்ணன்டா" என்றுகூடச் சொன்னேன். பிறகு அந்த வரிகள் வந்தன.

கத்தியோடு வந்தான் அவன்,
கைநீட்டித் தடுத்தான் என் தம்பி.

பாட்டு முடிவதற்குள் ஆறு பேர் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். எல்லோரும் மானோப் படித்த தொழிற்பள்ளிப் பையன்கள். தெருச்சண்டை, குத்து, வெட்டு என்று உள்ளே வந்தவர்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் பாதி இங்கேதான் இருக்கிறது. ஓட் என்பவன் அவர்களுக்குத் தலைவன். "உங்கண்ணன் பாட்டு நல்லாத்தான்டா இருக்கு. தாளம்தான் கொஞ்சம் கம்மி. நாங்க போடுறோம்" என்றான். போட்டார்கள். இரண்டு எலும்பும் ஒரு கடைவாய்ப் பல்லும் போயின.

அண்ணா, மானோப்பைக் கொன்றது நான். நீதிபதி கேட்டபோதும் மறுக்கவில்லை. ரோய் எட் ஊர்த் திருவிழாவில் மேடைக்குக் கீழே மானோப்பின் பள்ளிக்காரர்களும் எதிர்ப்பள்ளிக்காரர்களும் அடித்துக்கொண்டார்கள். பாட்டிலும் நாற்காலியும் பறந்தன. அவன் பக்கவாட்டுப் படியில் ஏறி உன்னை நோக்கி ஓடிவந்தான். கையில் ஏதோ மின்னியது. டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்திருந்த நான் சிம்பல் தாங்கும் இரும்புக் கம்பியைப் பிடுங்கி அவன் மண்டையில் இறக்கினேன். அவன் விழுந்த பிறகு குனிந்து பார்த்தவனும் நான்தான். அது ஜிகினா மாலை. ரசிகர்கள் பண நோட்டை ஊக்கால் குத்தி, மேடையேறி வந்து உன் கழுத்தில் போடுவார்களே, அந்த மாலை. கீழே அடி தாங்காமல் ஓடிவந்திருக்கிறான். பாடகன் நிற்கிற இடத்தில் யாரும் கை வைக்க மாட்டார்கள் என்று நம்பி வந்திருக்கிறான். அவன் கையில் நீ ஏன் கத்தியைக் கொடுக்கிறாய்?

பாடகனைக் குத்த வந்த கோழை அவன் என்று உன் பாட்டு சொல்கிறது. இவர்களுக்கு அது பள்ளி மானம். பாட்டு ஒலிக்கும்போதெல்லாம் என்னை அடிப்பது இவர்கள் கடமையாகிவிட்டது. அந்தப் பாட்டை நிறுத்து. உனக்கு வேறு நூறு பாட்டு வரும். எனக்கு வேறு உடம்பு வராது.

விச்சியன்

*

கோன் கேன்
1991 ஜூன் 3

விச்சியா,

உன் கடிதத்தைப் பேருந்தில் படித்துவிட்டு, வண்டியை நிறுத்தச் சொல்லி, சாலையோரம் வாந்தியெடுத்தேன். உன்னை வேறு பகுதிக்கு மாற்றச் சொல்லி உடனே சிறைக்கு எழுதியிருக்கிறேன். கடிதங்களைப் படித்துப் பார்க்கும் அதிகாரி நம் ரசிகராம். அவருக்குக் கையெழுத்துப் போட்ட கேசட் ஒன்று அனுப்புகிறேன். உனக்கு எருமைக்கறி வற்றலும் மிளகாய்த் துவையலும் இதோடு வருகின்றன.

ஆனால் பாட்டை நிறுத்து என்கிறாயே, அது என்ன மின்விசிறியா? பீர்க் கடைகளில் பொரித்த கோழிக்கும் வெள்ளைச் சாராயத்துக்கும் நாம் பாடினோமே, நினைவிருக்கிறதா? ஏப்பம் விடுகிறவனுக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு உயிரைக் கொடுத்தோமே. மூன்று கேசட் போட்டோம், மூன்றும் அட்டைப்பெட்டியில் கிடந்து கரையான் தின்றன. இன்றைக்கு ஒவ்வொரு லாரியிலும், ஒவ்வொரு முடிவெட்டும் கடையிலும் நம் 'உப்பு வயல்' குழுவின் பாட்டு கேட்கிறது. நேற்று இந்த ஊரில் அந்த வரி வந்ததும் கூட்டம் கைகளைத் தூக்கி உன் பெயரைக் கத்தியது. என் பெயரை இல்லை, உன் பெயரை!

கத்தி ஏன் என்று கேட்கிறாய். சரி, மாலை என்றே பாடுகிறேன் என்று வைத்துக்கொள். அப்போது நீ யார்? மாலை போட வந்த பையனை அடித்துக் கொன்றவன். இதை யோசித்தாயா? அந்தக் கத்தி உன்னைக் காப்பாற்றத்தான் பாட்டில் இருக்கிறது. தவிர, மின்னியதை நானும் பார்த்தேன்.

நேற்றும் மேடைக்குக் கீழே அடிதடிதான். ஒருவன் முதுகில் உடைந்த பாட்டில் குத்தி நின்றுகொண்டிருந்தது, அவனோ அதோடு ஆடிக்கொண்டிருந்தான். நான் கிடாரை நிறுத்திவிட்டு, "டேய், கையில அவ்வளவு தெம்பு இருந்தா வயல்ல போயி நெல்லறுங்கடா! உங்க ஆத்தா புள்ள பெத்தாளா, சண்டச்சேவல் பெத்தாளா?" என்று கத்தினேன். சிரித்தார்கள். பிறகு மறுபடியும் அடித்துக்கொண்டார்கள்.

பொறுத்துக்கொள், தம்பி. உன்னை மறக்கவிடாமல் வைத்திருப்பது அந்தப் பாட்டுதான்.

அண்ணன் புன்சோங்

*

சிறையிலிருந்து
1994 பிப்ரவரி 20

அண்ணா,

இதை இடது கையால் எழுதுகிறேன். எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

உன் ரசிகர் அந்த அதிகாரி நல்ல மனிதர். அதுதான் வினை. புத்தாண்டுக்கு எங்களுக்கெல்லாம் கோழிக்கறி போட்டு, நீ அனுப்பிய கேசட்டை எடுத்துவந்து, "இந்தப் பாட்டு நம்ம விச்சியனுக்காக!" என்று ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டுப் போட்டார். எனக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்திருக்கிறார். நான் தட்டை வைத்துவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றேன்.

சமையல்கட்டுப் பின்புறம் துணி துவைக்கும் கல் ஒன்று இருக்கிறது. நான்கு பேர் என்னைக் குப்புறப் போட்டு அமுக்கினார்கள். ஓட் என் கைகளைக் கல்மேல் விரித்து வைத்தான். பப்பாளிக்காய் இடிக்கிற உலக்கை அவனிடம் இருந்தது. "எந்தக் கைடா எங்க மானோப்பை அடிச்சது? பாட்டுல தெளிவா சொல்லலையே" என்றான். வலது கையை அவனே தேர்ந்தெடுத்தான். உன் பாட்டு முடியும்வரை தாளம் தப்பாமல் இடித்தான். இரண்டாம் சரணம் இவ்வளவு நீளமாக ஏன் எழுதினாய் என்றுதான் அப்போது எனக்கு உன்மேல் கோபம் வந்தது.

நானும் சும்மா இருக்கவில்லை. அவன் குனிந்தபோது காதைக் கவ்வினேன். பாதிக் காது என் வாயோடு வந்துவிட்டது. அதற்காக எனக்குத் தனிக்கொட்டடி. இந்த வருடப் பொது மன்னிப்பில் இருந்த என் பெயரையும் அடித்துவிட்டார்கள்.

மூன்று விரல் இனி மடங்காதாம். ஏழு வயதில் பால்டின்னைக் கவிழ்த்துப் போட்டு நான் அடிக்க, நீ பாடுவாய். அந்தக் கை போய்விட்டது. இன்னும் பாடுகிறாயா?

விச்சியன்

*

உபோன்
1994 ஏப்ரல் 25

விச்சியா,

உன் கடிதம் வந்த நாளிலிருந்து நான் அந்தப் பாட்டைப் பாடவில்லை. நம்பு. மூன்று ஊர்களில், தொண்டை சரியில்லை என்று சொல்லித் தப்பித்தேன். நான்காவது இந்த ஊர்.

தண்ணீர்த் திருவிழா முடிந்த சூடு, எல்லோரும் குடித்திருந்தார்கள். கடைசிப் பாட்டும் முடிந்து கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். "தம்பி! தம்பி!" என்று அந்தப் பாட்டைக் கேட்டு ஆரம்பித்தார்கள். பிறகு ஐஸ்கட்டி வந்தது. பிறகு பாட்டில். முன்வரிசை நாற்காலிகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். கீபோர்டு வாசிக்கும் நிட் தெரியுமே, அந்தச் சாதுவான பையன்? அவன் கண்ணில் கண்ணாடிச் சில்லு. ரத்தம் விசைகளின் இடுக்கில் ஓடியது. காவலர்கள் மேடைக்கு அடியில் ஒளிந்திருந்தார்கள். விழா நடத்துகிறவன் என் கழுத்துப்பட்டையைப் பிடித்து, "பாடித் தொலைய்யா! இல்லன்னா எல்லாருமா சேந்து சாவோம்" என்றான்.

பாடினேன். முதல் வரியிலேயே அடங்கிவிட்டார்கள். நெருப்பு ஒரு பக்கம் எரிகிறது, அவர்கள் தோள்மேல் கை போட்டு ஆடுகிறார்கள், அழுகிறார்கள். பயந்துதான் பாடினேன், விச்சியா. ஆனால் பாடும்போது சுகமாக இருந்தது. உன்னிடம் இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

நிட்டுக்கு ஒரு கண் போய்விட்டது. உன் கைக்காக ராத்திரியெல்லாம் அழுதேன். ஆனால் நான் நிறுத்தினாலும் அடி விழுகிறது, பாடினாலும் அடி விழுகிறது. என்ன செய்யச் சொல்கிறாய்?

புன்சோங்

*

பாங்காக்
2003 நவம்பர் 9

விச்சியா,

ஒன்பது வருடமாக நீ ஒரு வரி எழுதவில்லை. பார்க்க வந்தாலும் முகம் காட்ட மறுத்தாய். ஆனாலும் எழுதுகிறேன். மார்ச்சில் உன்னை விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். துள்ளிக் குதித்தேன், முழங்கால் பிடித்துக்கொண்டது.

உன் அண்ணன் இப்போது எப்படி இருக்கிறான் தெரியுமா? முடிக்குச் சாயம். எனக்குப் பின்னால் இறகு கட்டிக்கொண்டு ஆடும் பெண்கள். நாம் கேலி செய்தோமே, அதே இறகுதான். பதினோரு ஆல்பம் போட்டாயிற்று. நல்ல பாட்டுகளும் இருக்கின்றன, உனக்குப் பிடிக்கும். புதிய பாட்டு ஆரம்பித்ததும் கூட்டம் சுட்ட கோழி வாங்கப் போய்விடுகிறது. "தம்பி" என்று வாயெடுத்தால் ஓடி வருகிறது. தொலைக்காட்சியில் கூப்பிடுவதும் அதற்குத்தான்.

உனக்காக ஒன்று ஏற்பாடு செய்கிறேன். அடுத்த குளிர்காலம், ரோய் எட், விளையாட்டுத் திடல், பத்தாயிரம் பேர். எல்லாம் தொடங்கிய ஊரிலேயே என் கடைசிக் கச்சேரி. முடிவில் நீ மேடைக்கு வருகிறாய். இடது கையால் டிரம்மில் ஒரே ஒரு அடி. அவ்வளவுதான். ஜனங்கள் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள்.

சரி என்று ஒரு வார்த்தை எழுது.

அண்ணன்

*

சிறையிலிருந்து
2003 டிசம்பர் 1

அண்ணா,

வர மாட்டேன். தூக்கிக்கொண்டு போக நான் என்ன பல்லக்கா? மேடையில் என் கைக்கு எட்டும் தூரத்தில் இரும்புக் கம்பி எதையும் வைக்காதே. இந்தத் தடவை யார் மண்டையில் இறங்கும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

வெளியே வந்ததும் நான் போகிற முதல் வீடு மானோப்பின் அம்மா வீடு. பூத்தட்டோடு போய்க் காலில் விழப்போகிறேன். நீயும் வந்தால் நல்லது. வரமாட்டாய் என்று தெரியும்.

விச்சியன்

*

ரோய் எட்
2004 மே 6

அண்ணா,

போனேன்.

அந்த அம்மா பெயர் புவா. பேருந்து நிலையத்துக்கு எதிரில் நூடுல்ஸ் கடை. பூ, மெழுகுவத்தி, ஊதுபத்தி எல்லாம் தட்டில் வைத்துக்கொண்டு போய், கடை வாசல் ஈரத்தில் குப்புற விழுந்தேன். யார் என்று சொன்னேன். இளைய மகன் சக் அடுப்பருகே நின்றிருந்தான். மானோப் சாகும்போது அவன் குழந்தை. கொதிக்கும் சாற்றை அகப்பையால் அள்ளி என் முதுகில் ஊற்றினான். எழப் பார்த்தவனை முக்காலியால் அடித்தான். முக்காலி உடைந்ததும் அதன் காலால் அடித்தான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்கள். நான் தடுக்கவில்லை.

கடைசியில் அந்த அம்மாதான், "போதும்டா, பஸ் வர்ற நேரம்" என்றார்.

தட்டைத் தொட்டிருந்தால் மன்னித்ததாக அர்த்தம், எல்லாம் முடிந்திருக்கும். தொடவில்லை. கரண்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நீ எம்புள்ளைய ஒரு தடவ கொன்ன. உள்ள போயி கெடந்துட்டு வந்துட்ட. உங்கண்ணன் தெனமும் கொல்றான். பஸ்ஸுல கொல்றான், கல்யாண வீட்டுல கொல்றான். என் கடையில உக்காந்து நூடுல்ஸ் திங்கிறவன் அந்தப் பாட்ட முணுமுணுத்துக்கிட்டே எம்புள்ள கையில கத்திய குடுத்துட்டுப் போறான். நான் அவனுக்குக் கொத்தமல்லி தூவிக் குடுக்கணும்." பிறகு, "அந்தக் கத்திய உங்கண்ணன் எடுக்கட்டும். அன்னைக்கித் தட்டத் தொடுறேன்" என்றார்.

நான் இதே ஊரில் மரக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். பௌர்ணமிதோறும் புதுப் பூவோடு போவேன். சக் அடிப்பான். முதுகு ஆறுவதற்கும் அடுத்த பௌர்ணமிக்கும் சரியாக இருக்கும்.

உள்ளே இருந்தபோது என் உடம்புக்காகக் கேட்டேன். இப்போது அதற்காகக் கேட்கவில்லை. எனக்கு அந்தத் தட்டு தொடப்பட வேண்டும், அண்ணா. அது இல்லாமல் நான் சாக முடியாது.

விச்சியன்

*

பாங்காக்
2004 ஜூன் 17

விச்சியா,

இனிமேல் போகாதே. ஒருநாள் அவன் முக்காலியை விட்டு அரிவாளைத் தூக்குவான்.

உனக்கும் அந்த அம்மாவுக்கும் சொல்கிறேன், ஒரு எழுத்து மாற்ற மாட்டேன். நான் வேறு என்ன வைத்திருக்கிறேன்? பெண்டாட்டி போய்விட்டாள். தொண்டையில் மேல் சுரம் போய்விட்டது. நாளைக்கு நான் செத்தால் செய்தியில் அந்த ஒரு பாட்டைப் போட்டுவிட்டு அடுத்து மழை பற்றிச் சொல்வார்கள். அதையும் பிடுங்கிக்கொண்டால் நான் யார்? பீர்க் கடைப் பாட்டுக்காரன். அதுவும் கிழவன். நீ சிறைக்குப் போனாய், நான் அந்தப் பாட்டுக்குள் போனேன். உனக்காவது விடுதலை நாள் என்று ஒன்று வந்தது.

இதை அனுப்பலாமா வேண்டாமா என்று மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். அந்த மாலை என்ன நிறம்?

புன்சோங்

*

ரோய் எட்
2004 ஜூன் 29

பச்சை. ஒரு பக்கம் ஜிகினா உதிர்ந்து நூல் தெரிந்தது.

விச்சியன்

*

ரோய் எட் மருத்துவமனை
2005 ஜனவரி 14

விச்சியா,

தாடையைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். பேச முடியாது, எழுதலாம். நீ இதே ஊரில் இருந்துகொண்டு ஏன் பார்க்க வரவில்லை என்று கேட்கமாட்டேன்.

திடல் நிறைந்திருந்தது. கடைசியில் அந்தப் பாட்டு. ஆடும் பெண்களைப் போகச் சொல்லிவிட்டு, கிடாரோடு தனியாக நின்றேன்.

மாலையோடு வந்தான் அவன்.

முதலில் சிரித்தார்கள். மறந்துவிட்டேன் என்று நினைத்துவிட்டார்கள். முன்னால் நின்ற ஒருவன், "கெழவனுக்கு மறந்துபோச்சு, எடுத்துக்குடுங்கடா!" என்றான். பாசத்தோடு எடுத்துக்கொடுத்தார்கள்: கத்தி, கத்தி. நான் நிறுத்தி, மறுபடியும் பாடினேன். பச்சை மாலையோடு வந்தான் அவன், கத்தி இல்லை அவன் கையில். அப்போதுதான் புரிந்துகொண்டார்கள். முகங்கள் மாறியதைப் பார்த்தேன். இத்தனை வருடம் அவர்கள் அழுதது பொய்க்கு என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன் இல்லையா, அதை யார் பொறுப்பார்கள்? முதலில் பறந்துவந்த கண்ணாடிப் பாட்டில் என் வாயில் பட்டது. பல்லைத் துப்பிவிட்டுப் பாடினேன். பத்தாயிரம் பேர் கத்தி என்றார்கள், நான் ஒருவன் மாலை என்றேன். என்னைவிட அவர்கள் நன்றாகப் பாடினார்கள், சுருதி சுத்தமாக. பாடிக்கொண்டே மேடையேறி வந்தார்கள். என் கிடாராலேயே என்னை அடித்தார்கள். டிரம்ஸ் வாசிக்கிறவன் ஓடிவிட்டான். புத்திசாலி, பிழைத்துக்கொள்வான்.

கீழே மூன்று பேருக்குக் குத்து. ஒருவன் இன்னும் கண் திறக்கவில்லையாம், எனக்கு இரண்டு படுக்கை தள்ளித்தான் இருக்கிறான். அவன் எந்த வரியைப் பாடினான் என்று தெரியவில்லை.

இனிப் பாட முடியுமா என்று மருத்துவர் சொல்ல மறுக்கிறார். அந்த அம்மாவிடம் சொல்லிவிடு. கத்தியை எடுக்கப் பார்த்தேன், வரவில்லை. பாட்டு இப்போது என்னிடம் இல்லை.

அண்ணன்

*

ரோய் எட்
2005 பிப்ரவரி 26

அண்ணா,

மருத்துவமனைக்கு வந்தேன். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். வாயைக் கட்டிய நிலையில் உன்னைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை, அப்படியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அன்றைக்கு நான் நூடுல்ஸ் கடை வாசலில் இருந்தேன். திடல் ஒலிபெருக்கி அங்கே நன்றாகக் கேட்கும். நீ மாலை என்றதும் புவா அம்மா அடுப்பை அணைத்தார். "யாரும் பேசாதீங்க" என்று கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை அடக்கினார். நீ இரண்டாவது தடவை பாடினாய். பச்சை என்றாய். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், உண்மைதானா என்று கேட்பதுபோல. நான் தலையாட்டினேன். பிறகு அந்தக் கூச்சல். கத்தி, கத்தி என்று ஊரே அதிர்ந்தது. அவர் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தார்.

நேற்று முன்தினம் பௌர்ணமி. தட்டோடு போனேன். சக் அடிக்கவில்லை. அம்மா தட்டைப் பார்த்தார், தொடவில்லை.

"பாட்டு நிக்கலைன்னு கேக்க எனக்கும் காது இருக்கு. பாடுனவன் வாய உடைச்சுட்டாங்கன்னும் கேள்விப்பட்டேன். இந்தத் தட்ட நீ கொண்டாந்தது போதும். அவன் கொண்டாரட்டும்" என்றார்.

சக் உள்ளேயிருந்து, "வரட்டும்மா. அவனுக்குன்னு நான் ஒண்ணு வச்சிருக்கேன்" என்றான். அம்மா அவனை அதட்டவில்லை.

கட்டு அவிழ்த்ததும் வா. பூவும் மெழுகுவத்தியும் நான் வாங்கி வைக்கிறேன், தட்டை நீ பிடித்துக்கொள். சக் உன்னை நோக்கி ஓடி வருவான். கையில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் உன் பின்னால்தான் உட்கார்ந்திருப்பேன், அண்ணா. இந்தத் தடவை எழுந்திருக்க மாட்டேன்.

விச்சியன்